குழந்தைகளின் குறுகியகால டிக் கோளாறு: கண்டறிவது முதல் கேஸ் ஷீட் எழுதுவது வரை

கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டும் குழந்தையை முதலில் கண் மருத்துவரிடம்தான் கூட்டிப்போவார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும் குழந்தை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும். கழுத்தை வெட்டி இழுக்கும் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். இரண்டு மூன்று சீட்டும் காலியான சொட்டு மருந்துப் புட்டியும் கையில் சேர்ந்த பிறகே, "இது டிக்காக இருக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அதற்குள் பல மாதங்கள் போயிருக்கும். குறுகியகால டிக் கோளாறு என்று எழுதலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது அந்த மாதக் கணக்குதான்.

குழந்தை மருத்துவர்கள், பொது மருத்துவர்கள், மனநலப் பயிற்சி மருத்துவர்கள், உளவியலாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. பெற்றோரும் படிக்கலாம். மருத்துவரிடம் போகும்முன் எதையெல்லாம் தயார்செய்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கும் தெளிவாகும்.

எதை டிக் என்கிறோம்

திடீரென்று, வேகமாக, தாளமில்லாமல், திரும்பத் திரும்ப வரும் ஓர் அசைவோ ஒலியோதான் டிக். கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், வாயை ஒருபக்கம் இழுத்தல், தலையை வெட்டுதல், தோளைக் குலுக்குதல் எல்லாம் இயக்க டிக். செருமல், மூக்குறிஞ்சல், 'ஹ்ம்' என்ற முனகல், சின்னக் கீச்சொலி ஆகியவை குரல் டிக். ஒரு தசைக்கூட்டம் நொடிக்கும் குறைவான நேரத்தில் செய்து முடிப்பது எளிய டிக். பல அசைவுகள் கோவையாக வந்து சில விநாடி நீடித்தால் அது கூட்டு டிக். பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள், முகத்தில் தொடங்கும். கூடும், குறையும், ஒன்று போய் இன்னொன்று வரும். போன மாதம் கண், இந்த மாதம் கழுத்து என்று அம்மா சொன்னால், அந்த இடமாற்றமே டிக் என்பதற்கு நல்ல சாட்சி.

குறுகியகால டிக் கோளாறை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5 தற்காலிக டிக் கோளாறு என்கிறது. நிபந்தனைகள் ஐந்து. ஒன்றோ பலவோ இயக்க டிக் அல்லது குரல் டிக் அல்லது இரண்டுமே இருக்கலாம். முதல் டிக் தோன்றி ஓராண்டு ஆகியிருக்கக் கூடாது. 18 வயதுக்குமுன் தொடங்கியிருக்க வேண்டும். மருந்தோ போதைப்பொருளோ வேறு நோயோ காரணமாக இருக்கக் கூடாது. டூரெட் கோளாறோ (பல இயக்க டிக்கும் ஒரு குரல் டிக்காவதும் ஓராண்டு தாண்டி இருப்பது) நீடித்த டிக் கோளாறோ (இயக்க டிக் மட்டுமோ குரல் டிக் மட்டுமோ ஓராண்டு தாண்டி இருப்பது) இதற்குமுன் இருந்திருக்கக் கூடாது. இயக்க டிக்கும் குரல் டிக்கும் சேர்ந்து இருப்பதைப் பார்த்ததுமே 'டூரெட்' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஓராண்டு நிறையாமல் அப்படி எழுதுவது தவறு.

பழைய டிஎஸ்எம்-4இல் குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 அதை எடுத்துவிட்டது. இரண்டு வாரமே ஆன டிக்குக்கும் இன்று இந்தப் பெயரைத் தரலாம்.

முதல் வேலை: முதல் டிக்கின் தேதி

ஓராண்டுக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வாழ்க்கையிலேயே முதன்முதலாக வந்த டிக்கிலிருந்து அது தொடங்குகிறது. இப்போதைய தொந்தரவு எப்போது ஆரம்பித்தது என்பது வேறு கேள்வி. இடையில் மூன்று நான்கு மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்தாலும் கணக்கு நிற்காது. மூன்று மாதத்துக்கு மேல் டிக் இல்லாத இடைவெளி இருக்கக் கூடாது என்று நீடித்த வகைக்கு முன்பு ஒரு விதி இருந்தது. அதுவும் டிஎஸ்எம்-5இல் இல்லை.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டால் "இப்ப ரெண்டு மாசமாத்தான் டாக்டர்" என்றே பதில் வரும். அது அவர்கள் கவலைப்பட ஆரம்பித்த தேதி. அதோடு விடாமல் தோண்ட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இருந்ததா, பள்ளி திறந்த வாரத்தில் இருந்ததா, தம்பி பிறந்தபோது இருந்ததா என்று அவர்கள் நினைவில் நிற்கும் நாள்களை வைத்துக் கேளுங்கள். பிறகு இரண்டு பொருளைப் பாருங்கள்.

ஒன்று, பழைய மருத்துவச் சீட்டு. 'கண் அலர்ஜி' என்று 14 மாதத்துக்கு முன் சொட்டு மருந்து எழுதிய சீட்டு பையில் இருக்கும். அரிப்பு, நீர்வடிதல், சிவப்பு எதுவும் இல்லாமல் சிமிட்டல் மட்டும் இருந்ததாகவும் சொட்டு மருந்தில் குறையாமல் தானாகவே நின்றதாகவும் பெற்றோர் சொன்னால், அதுதான் முதல் டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் 'தற்காலிகம்' என்ற பெயர் இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே பொருந்தாது.

மற்றொன்று, அப்பாவின் போன். பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, காதுகுத்து என்று எடுத்த வீடியோக்களை மாதவாரியாகப் பின்னோக்கி ஓட்டச் சொல்லுங்கள். கேக் வெட்டக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் குழந்தை நான்கு முறை மூக்கைச் சுளித்திருக்கும். எடுத்தவர் கண்ணில் அது பட்டிருக்காது. கோப்பின் விவரத்தில் தேதி இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ காட்டும் தேதி போனில் வந்து சேர்ந்த தேதியாக இருக்கலாம். எடுத்தவரின் போனில் உள்ள மூலக் கோப்பைப் பாருங்கள்.

கிடைத்த தேதியின் கூடவே அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள்: 'தாயின் நினைவு', 'வீடியோ', 'கண் மருத்துவச் சீட்டு' என்று. தேதி உறுதியில்லை என்றால் 'ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில்' என எல்லை கட்டி எழுதலாம். 'சில மாதங்களாக' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

குழந்தையிடம் கேட்பது

பெற்றோரிடம் கேட்பவை தெரிந்தவையே: எந்தெந்த அசைவு, ஒரு நாளில் எவ்வளவு, எப்போது கூடுகிறது, தூக்கத்தில் உண்டா, வலிக்கிறதா, பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, சமீபத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள். "தூங்கும்போது நின்றுவிடுகிறது, அப்படியானால் டிக்தான்" என்று முடித்துவிட வேண்டாம். தூக்கத்தில் டிக் வெகுவாகக் குறையும், அறவே நிற்க வேண்டும் என்பதில்லை. தூங்கினால் அடங்கும் வேறு அசைவுகளும் உண்டு.

குழந்தையிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். "அது வர்றதுக்கு முன்னாடி அங்க ஏதாவது மாதிரி இருக்குமா?" "டீச்சர் பக்கத்துல இருந்தா கொஞ்ச நேரம் அடக்க முடியுமா?" பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் "கண்ணுல குறுகுறுன்னு இருக்கும், சிமிட்டுனா சரியாயிடும்" என்று சொல்வார்கள். இந்த முன்னுணர்வும் சிறிது நேரம் அடக்க முடிவதும் டிக்கை வேறு பல அசைவுகளிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு முன்னுணர்வைச் சொல்லத் தெரியாது. அது சொல்லவில்லை என்பதற்காக டிக் இல்லை என்று எழுதக் கூடாது.

குடும்ப வரலாற்றை "வீட்டில் யாருக்காவது நரம்பு வியாதி உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றே வரும். "சின்ன வயசுல உங்களுக்கோ உங்க அண்ணன் தம்பிக்கோ இப்படிக் கண் சிமிட்டுற, செருமுற பழக்கம் இருந்ததா?" என்று கேளுங்கள். பாட்டி கூட வந்திருந்தால் அவரிடமே கேட்பது நல்லது. மகனைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டு அப்பாவே வியப்பார்.

கவனக்குறைவும் துறுதுறுப்பும், கை கழுவிக்கொண்டே இருப்பது, பொருளைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பது, பயம், படிப்பில் சரிவு ஆகியவற்றையும் கேட்டு, 'இல்லை' என்றாலும் இல்லை என்று எழுதுங்கள். பல குழந்தைகளுக்கு டிக்கைவிட இவைதான் பெரிய தொல்லையாக இருக்கும்.

பார்ப்பது

உங்கள் அறைக்குள் வந்ததும் டிக் நின்றுவிடும். இதில் வியப்பில்லை. புது இடத்தில் குழந்தை தன்னை அறியாமலே அடக்கிக்கொள்கிறது. ஆகவே வெளியே காத்திருக்கும்போதே கவனியுங்கள். அம்மாவிடம் பேசும்போது ஓரக்கண்ணால் பாருங்கள். போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். டிக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே பல குழந்தைகளுக்கு அது கூடும்.

ஆய்வுகளில் பயன்படும் ரஷ் வீடியோ முறை மொத்தம் 10 நிமிடம். முழு உடல் ஒரு கோணம், தலையும் தோளும் இன்னொரு கோணம். இரண்டையுமே பரிசோதகர் அறையில் இருக்கும்போது ஒருமுறையும், குழந்தை தனியாக இருக்கும்போது ஒருமுறையும் எடுப்பார்கள். கிளினிக்கில் அவ்வளவும் தேவையில்லை. ஆனால் 'தனியாக இருக்கும்போது' என்ற பகுதியை விடக் கூடாது. பெற்றோரிடம் இப்படிச் சொல்லுங்கள்: டிவி பார்க்கும்போது, வீட்டுப்பாடம் எழுதும்போது, சாப்பிடும்போது தலா இரண்டு நிமிடம், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், "இப்பப் பண்ணு பாக்கலாம்" என்று சொல்லக் கூடாது. ஒலி கட்டாயம் பதிவாக வேண்டும், இல்லையென்றால் மெல்லிய மூக்குறிஞ்சல் தப்பிவிடும். வலிப்பா என்ற சந்தேகம் இருந்தால், அசைவு வரும் நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் வருகிறதா என்பது அந்த வீடியோவிலேயே பதிவாகிவிடும்.

மருத்துவமனையில் நீங்கள் எடுக்கும் வீடியோவுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அதை உங்கள் சொந்த போனின் கேலரியில் வைத்துக்கொள்ளாதீர்கள், மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள்.

டிக் போலத் தோன்றுபவை

இந்தப் பகுதியில்தான் நிதானம் வேண்டும். டிக்கை வலிப்பென்று நினைத்தால் வீண் மருந்தும் வீண் பயமும் வரும். எதிர்ப்பக்கத் தவறுக்கு விலை இன்னும் அதிகம்.

சைடன்ஹாம் கொரியாவை, அதாவது ருமாட்டிக் காய்ச்சலால் வரும் கட்டுப்பாடற்ற அசைவு நோயை, முதலில் மனதில் வையுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் ஒழியாத நாட்டில், 5 முதல் 15 வயதுக் குழந்தையின் புதிய அசைவு எதுவானாலும் இந்தக் கேள்வி எழ வேண்டும். டிக் ஒரே அசைவைத் திரும்பச் செய்யும். கொரியாவில் அசைவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழிந்து ஓடும், அடுத்து எது வரும் என்று ஊகிக்க முடியாது. கையெழுத்து கெட்டுவிட்டது, தட்டைத் தவறவிடுகிறாள், காரணமில்லாமல் அழுகிறாள் என்று வீட்டில் சொல்வார்கள். நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னால் உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் இரு விரல்களைப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகித் தளர்ந்து இறுகும். இதற்குப் பால் கறக்கும் பிடி என்றே பெயர். கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னால் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பும். மூன்றும் சேர்த்து ஒரு நிமிட வேலை. தொண்டைத் தொற்று வந்து மாதங்கள் கழித்துக் கொரியா வருவதால் ஏஎஸ்ஓ அளவு (அந்தத் தொற்றின் தடயத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இயல்பாகவே இருக்கக்கூடும். அதை நம்பி விட்டுவிடாமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். ஸ்டெதாஸ்கோப்பில் இதய முணுமுணுப்பு கேட்காமலே இதய வால்வு பாதிக்கப்பட்டிருக்கலாம். இதைத் தவறவிட்டால், பென்சிலின் தடுப்பு ஊசி இல்லாமல் அடுத்த காய்ச்சலுக்குக் குழந்தையை விட்டுவிடுகிறோம்.

கண் இமைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. வெளிச்சத்தில் கண்ணை மூடச் சொன்னதும் இமைகள் படபடவென்று அடித்துக் கருவிழி மேலே போனால், அது இமைத் துடிப்பு வலிப்பாக இருக்கலாம். சில விநாடி வெறித்துப் பார்த்து, பேச்சை நடுவில் விட்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால் அப்சன்ஸ் வலிப்பை நினையுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு இல்லாத குழந்தையிடம் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து 3 நிமிடம் விடாமல் ஊதச் சொன்னால், அப்சன்ஸ் பெரும்பாலும் உங்கள் கண்முன்னே வந்துவிடும். இந்த இரண்டுக்கும் இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) கட்டாயம்.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்த ஓரிரு நாளில் கண் மேலே சொருகி, கழுத்து ஒருபக்கம் இழுத்து, அப்படியே நிமிடக்கணக்கில் நின்றால் அது மருந்தால் வந்த இறுக்கம். டிக் அவ்வளவு நேரம் நிற்காது. கடந்த இரு வாரத்தில் குடித்த ஒவ்வொரு சிரப்பின் பெயரையும், போட்ட ஊசியையும் கேட்டு எழுதுங்கள். 'வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி, சந்தோஷத்தில் கையை உதறுவது, உடலை ஆட்டுவது என ஆண்டுக்கணக்கில் ஒரே வடிவில், தாளத்தோடு வந்தால் அது ஸ்டீரியோடைப்பி. கூப்பிட்டால் நின்றுவிடும், முன்னுணர்வு இருக்காது, பெரும்பாலும் குழந்தை அதை ரசித்தே செய்யும். எதிர்முனையில், பதின்வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில், கையை வீசி மார்பில் அடிப்பது, முழு வாக்கியமாகக் கத்துவது என்று பெரிதாகத் தொடங்கினால் செயல்சார் டிக்போன்ற அசைவுகளை (டிக் போலத் தோன்றினாலும் டிக் அல்லாதவை, வேண்டுமென்றே செய்வதும் அல்ல) நினையுங்கள். கொரோனா ஊரடங்குக் காலத்தில் பல நாடுகளில் இவை அதிகம் பதிவாயின. 'நடிக்கிறாள்' என்ற சொல் கேஸ் ஷீட்டிலோ வாயிலோ வரக் கூடாது.

ஓரிரு நாளில் கடுமையான எண்ணச்சுழற்சியோ (ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வருவது) சாப்பாட்டு மறுப்போ வெடித்து, அதோடு டிக்கும் வந்தால் அது வேறு பாதை, நிபுணரிடம் அனுப்புங்கள். டிக் மட்டும் உள்ள குழந்தைக்கு ஏஎஸ்ஓ பார்த்து, கூடியிருக்கிறது என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பது சரியல்ல. பள்ளி வயதில் ஏஎஸ்ஓ கூடியிருப்பது சாதாரணம்.

பள்ளிப் படிப்பில் பெரும் சரிவு, பேச்சுக் குழறல், எச்சில் வழிதல், நடை மாற்றம், மஞ்சள்காமாலை வரலாறு ஆகியவை இருந்தால் வில்சன் நோய்க்கு (உடலில் செம்பு சேரும் நோய்) செருலோபிளாஸ்மின் ரத்தப் பரிசோதனையும், ஸ்லிட் லேம்ப் கண் பரிசோதனையும் தேவை. அது பெற்றோர் இருவர் வழியாகவும் வரும் மரபுநோய். மாமன் மகளை, அக்காள் மகளைக் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் சொந்தத்தில் திருமணமா என்று கேட்டு எழுதுவது இதனால்தான்.

கடைசியாகச் சாதாரணக் காரணங்கள்: பார்வைக் குறைபாடு, கண் வறட்சி, அலர்ஜி, மூக்கடைப்பு, ஆஸ்துமா. ஒருமுறை முறையாகக் கண் பரிசோதனை செய்துகொள்வது நியாயமானது. ஐந்து முறை சொட்டு மருந்தை மாற்றுவது நியாயமில்லை. அதில் ஸ்டீராய்டு சொட்டு இருந்து மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடும், புரை விழும். இருமலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: இரவில் இருமல் இல்லை என்ற ஒன்றை வைத்து 'டிக் இருமல்' என்று முடிவு கட்டாதீர்கள். நெஞ்சைக் கேட்டு, இயன்றால் ஸ்பைரோமெட்ரி (மூச்சுத் திறன் பரிசோதனை) பார்த்த பிறகு சொல்லுங்கள்.

எந்தப் பரிசோதனை, எந்த அளவுகோல்

வரலாறு பொருந்தி, நரம்புப் பரிசோதனை இயல்பாக இருந்தால் இஇஜி, எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. பெற்றோர் வற்புறுத்தினாலும், எந்தக் கேள்விக்கு விடை தேடி எடுக்கிறோம் என்று எழுத முடியாத ஸ்கேனை எழுதாதீர்கள்.

கடுமையை அளக்க யேல் டிக் அளவுகோல் போதும். கடந்த ஒரு வாரத்தை வைத்து எண்ணிக்கை, அடுக்கடுக்காக வரும் வேகம், வீச்சு, சிக்கல், இடையூறு என்று ஐந்துக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். இயக்கத்துக்கு 25, குரலுக்கு 25, மொத்தம் 50. வாழ்க்கைப் பாதிப்புக்குத் தனியாக 50. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் அடுத்தவருக்கு எது கூடியது எது குறைந்தது என்று தெரியாது, பிரித்தே எழுதுங்கள். மதிப்பெண் நோயைக் கண்டறியாது, கடுமையை மட்டுமே சொல்லும்.

கேஸ் ஷீட்டில் எழுதுவது

'டிக் +, ரிவ்யூ 1 மாதம்' என்ற ஒற்றை வரியை எத்தனையோ சீட்டுகளில் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கற்பனையான ஒரு குழந்தைக்கு முழுப் பதிவு இப்படி இருக்கும்:

*பார்த்த தேதி: 12.8.2025. ஆண், 7 வயது 2 மாதம். தகவல் தந்தவர்: தாய், பாட்டி.*

*முதல் டிக்: ஜனவரி 2025 இரண்டாம் வாரம், இரு கண் சிமிட்டல். ஆதாரம்: பொங்கல் வீடியோ (தந்தையின் போன், மூலக் கோப்பு), 3.2.2025 கண் மருத்துவச் சீட்டு. 2024 நவம்பர் வீடியோவில் டிக் இல்லை. ஓராண்டு நிறைவு: ஜனவரி 2026 இரண்டாம் வாரம்.*

*போக்கு: கண் சிமிட்டல் ஜனவரி–மார்ச். ஏப்ரல், மே இல்லை. ஜூன் முதல் மீண்டும் சிமிட்டல், உடன் மூக்குச் சுளிப்பு. ஜூலை முதல் செருமல்.*

*தற்போது: சிமிட்டல், மூக்குச் சுளிப்பு, செருமல். தினமும் உண்டு. டிவி பார்க்கும்போது கூடுகிறது, விளையாட்டில் குறைகிறது. வகுப்பில் அடக்க முடிகிறது. முன்னுணர்வு: 'கண்ணுல ஏதோ மாதிரி'. வலி இல்லை. நினைவு தவறுதல் இல்லை, கீழே விழுதல் இல்லை.*

*மருந்து: கடந்த 3 மாதத்தில் கண் சொட்டு மட்டும் (பெயர் குறிக்கப்பட்டது). தந்தைக்குச் சிறுவயதில் செருமல். சொந்தத்தில் திருமணம் இல்லை. கவனக்குறைவு, எண்ணச்சுழற்சி, பதற்றம் கேட்கப்பட்டது, இல்லை.*

*நேரில் கண்டது: 5 நிமிடத்தில் சிமிட்டல் 9, மூக்குச் சுளிப்பு 2, செருமல் 0 (வீட்டு வீடியோவில் செருமல் உறுதி). நாக்கு நீட்டல், பிடி, கை உயர்த்தல் இயல்பு. நடை, கையெழுத்து இயல்பு. கண் பரிசோதனை இயல்பு.*

*யேல்: இயக்கம் 8/25, குரல் 4/25, மொத்தம் 12/50. பாதிப்பு 10/50.*

*முடிவு: தற்காலிக டிக் கோளாறு, எஃப் 95.0. டூரெட் அல்ல: ஓராண்டு நிறையவில்லை. கொரியா, வலிப்பு, மருந்து விளைவு ஆகியவற்றுக்கு அடையாளம் இல்லை. மருந்து தேவையில்லை. பெற்றோருக்கு விளக்கப்பட்டது. பள்ளிக்குக் கடிதம் தரப்பட்டது. அடுத்து: நவம்பர் 2025, பிறகு ஜனவரி 2026 இறுதி.*

'ஓராண்டு நிறைவு' என்ற அந்த வரியை யாரும் எழுதுவதில்லை. எழுதிவிட்டால் அடுத்து பார்ப்பவர் கணக்குப்போட வேண்டியதில்லை. அதேபோல் 'இல்லை' என்ற பதில்களும் முக்கியம். எழுதாத 'இல்லை' கேட்காத கேள்வியாகவே கருதப்படும்.

குறியீட்டில் குழப்பம் வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் எஃப் 95.0 குறுகியகால டிக், எஃப் 95.1 நீடித்த இயக்க அல்லது குரல் டிக், எஃப் 95.2 டூரெட். தேதியைத் தேட அலுப்புப்பட்டு எஃப் 95.9 என்று போடுவது வழக்கமாகிவிட்டது. தேதி உண்மையிலேயே கிடைக்காதபோது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஐசிடி-11க்கு மாறியவர்கள் கவனிக்க: அதில் 8ஏ05.03 என்பது குறுகியகால இயக்க டிக்கை மட்டும் குறிக்கிறது. குரல் டிக் மட்டுமே உள்ள குழந்தைக்கு அதைப் போட்டால் பொருந்தாது, விளக்கத்தைச் சொல்லில் எழுதுங்கள்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் சொல்ல வேண்டியது

"ஆறு மாதத்தில் சுத்தமாகப் போய்விடும்" என்று உறுதி தராதீர்கள். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், டிக் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்த குழந்தைகளைப் பன்னிரண்டாம் மாதம் மறுபடி பரிசோதித்தார்கள். வந்த எல்லோரிடமும் ஏதோ ஒரு டிக் மிச்சமிருந்தது. சிலரிடம் தனியாக இருக்கும்போது எடுத்த வீடியோவில் மட்டுமே அது தெரிந்தது. பெரும்பாலானோருக்குக் கடுமை குறைந்திருந்தது. ஆகவே "பெரும்பாலும் குறைந்து, கண்ணில் படாத அளவுக்குப் போகும், சிலருக்குத் தொடரும், அப்போதும் வழி இருக்கிறது" என்பதே நேர்மையான பதில்.

"பண்ணாதே" என்று அதட்டுவது, கண்ணாடி முன் நிறுத்துவது, அடிப்பது, அடக்கினால் சாக்லேட் என்று பேரம் பேசுவது எல்லாம் நிற்க வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் அதை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை. வேப்பிலை அடிப்பதோ சூடு போடுவதோ என்றால் கண்டிப்பாகத் தடுங்கள்.

பெரிய இடையூறு இல்லாதபோது காத்திருந்து கவனிப்பதே சரியான சிகிச்சை என்று 2019இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி வெளியிட்ட நெறிமுறையும் ஏற்கிறது. வலி, கேலி, படிப்புத் தடை என்று இடையூறு இருந்தால் முதலில் நடத்தைசார் பயிற்சி. முதல் நாளே ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்தை எழுதும் பழக்கம் இன்னும் மறையவில்லை. எளிய சிமிட்டலுக்கு அது தேவையற்றது, அதனால் வரும் கழுத்து இழுப்பு நோயையே குழப்பிவிடும். கவனக்குறைவுக்கு மெத்தில்ஃபெனிடேட் எடுக்கும் குழந்தைக்கு டிக் வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிடாதீர்கள். தொடங்கிய தேதியையும் டிக் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தொடர்பு இருக்காது.

பள்ளிக் கடிதத்தில் நோயின் பெயரைவிட நடைமுறை முக்கியம். நான்கு வரி போதும்: இந்த அசைவும் ஒலியும் வேண்டுமென்றே செய்வதல்ல, வகுப்பில் சுட்டிக்காட்ட வேண்டாம், கேட்டால் இரண்டு நிமிடம் வெளியே போய்வர விடுங்கள், மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் கண்டியுங்கள். என்ன எழுதப்போகிறீர்கள் என்பதைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கியே கொடுங்கள்.

பன்னிரண்டாம் மாதம்

பெற்றோர் வராமல் போவது இந்த முறைதான், ஏனென்றால் டிக் குறைந்திருக்கும். வரவழையுங்கள், முடியாவிட்டால் புதிய வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இயக்க டிக் மட்டும் இருந்து ஓராண்டு தாண்டியிருந்தால் எஃப் 95.1. குரல் டிக் மட்டும் என்றாலும் அதே குறியீடு. இந்த ஓராண்டில் பல இயக்க டிக்கும் ஒரு குரல் டிக்காவது இருந்திருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாவிட்டாலும், எஃப் 95.2. மேலே சொன்ன கற்பனைக் குழந்தை தொடர்ந்தால் இந்த வகைக்குத்தான் போவான். அந்தப் பெயரைக் கேட்டுப் பெற்றோர் இணையத்தில் தேடி மிரள்வார்கள். கெட்ட வார்த்தை கத்துவது டூரெட் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்கே வரும் என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

டிக் எதுவும் இல்லையென்றால் பழைய பெயரை அடிக்காதீர்கள். 'தற்காலிக டிக் கோளாறு, ஜனவரி 2025 முதல். கடைசி டிக் தெரிந்த தேதி இது. இன்றும் வீடியோவிலும் டிக் இல்லை' என்று எழுதி மூடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து மூக்குச் சுளிப்பு திரும்பினால், கணக்கு மறுபடி ஜனவரி 2025இலிருந்தே தொடங்கும். அப்போது அது தற்காலிகமாக இருக்காது. அதனால் அந்தச் சீட்டின் நகலைப் பெற்றோர் கையிலும் கொடுத்து, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.